காலடிப்பேட்டைக்காரனின் கணுக்கால்: இணைப்பதா, மாற்றுவதா?

எங்கள் ஊர்ப் பெயரில் காலும் இருக்கிறது, அடியும் இருக்கிறது. ஆனால் ஊருக்கும் காலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூர் பக்கத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார். அந்தக் காலெட் பேட்டைதான் வாய்க்கு வாய் மாறி காலடிப்பேட்டை ஆனது. இன்றைய குறிப்பு ஊரைப் பற்றியது அல்ல, நிஜமான காலடியைப் பற்றியது. குறிப்பாக, என்னுடைய வலது கணுக்கால்.

எனக்கு 24 வயது இருக்கும்போது, எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் பைக் சறுக்கி விழுந்தேன். கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் முறிவு. வீட்டுக்கு அருகிலேயே கட்டுப் போட்டார்கள். ஆறு வாரத்தில் நடந்தேன், இரண்டு மாதத்தில் ஓடினேன், மறந்தும் போனேன். நாற்பதைத் தாண்டியதும் காலையில் எழுந்து முதல் பத்து அடி வைப்பது பெரும்பாடாக ஆனது. சாயங்காலமானால் வீக்கம். "வயசாகுதில்ல" என்றார்கள். யூரிக் ஆசிட் பார்த்தோம், எடையைக் குறைக்கச் சொன்னார்கள், குதிகால் வாதம் என்று எண்ணெய் தேய்த்தோம். மூன்று வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் பாதம், கணுக்கால் மட்டும் பார்க்கும் ஒரு எலும்பு மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் கால்ல எப்பவாவது பெரிய அடி பட்டிருக்கா?"

நான் மென்பொருள் ஆள். பழைய கோடில் இருக்கும் ஒரு தவறு இருபது வருடம் கழித்து வெடிப்பதைப் பார்த்திருக்கிறேன். என் காலுக்குள்ளேயே அப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்ததில்லை. அதற்குப் பிறகு படித்ததைத்தான் இங்கே தொகுக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்க இது உதவினால் போதும்.

ஏன் கணுக்கால் மட்டும் வேறு மாதிரி?

முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயது, எடை, பரம்பரை சார்ந்தது. கணுக்கால் அப்படி இல்லை. கணுக்கால் தேய்மானம் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேருக்குக் காரணம் பழைய முறிவு அல்லது திரும்பத் திரும்ப ஏற்பட்ட சுளுக்கு.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. நடக்கும்போது கணுக்கால் மூட்டின் மேல் உடல் எடையைப் போலச் சுமார் 5 மடங்கு அழுத்தம் விழுகிறது. அதைத் தாங்கும் பரப்போ முழங்காலின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான். குருத்தெலும்பும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். கணக்குப்படி முதலில் தேய வேண்டியது இதுதான். ஆனால் அடிபடாத கணுக்கால் எண்பது வயதிலும் நன்றாகவே இருக்கிறது. காரணம் பொருத்தம். மேலே இரண்டு கால் எலும்புகள் சேர்ந்து ஒரு பள்ளம் அமைக்கின்றன. கீழே டாலஸ் என்ற எலும்பு அதற்குள், தச்சர் இழைத்துப் பொருத்திய கட்டை மாதிரி அச்சாக உட்கார்ந்திருக்கிறது. எடை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறது.

அந்தப் பொருத்தம் கெட்டால்தான் சிக்கல். 1976இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: டாலஸ் வெளிப்பக்கம் வெறும் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது. அதே எடை, பாதியை விடக் கொஞ்சம் அதிகமான இடத்தில் விழுகிறது. அப்புறம் தேயாமல் என்ன செய்யும்?

கை, கால் எலும்பின் நடுத்தண்டில் முறிவு என்றால் கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் சமாளிக்கலாம். மூட்டுக்குள் வரும் முறிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. எலும்பு கூடிவிட்டதா என்பது ஒரு கேள்வி, இருந்த இடத்திலேயே கூடியதா என்பது இன்னொரு கேள்வி. எனக்கு முதல் கேள்வியை மட்டும்தான் யாரோ கேட்டார்கள். இரண்டாவதை நானும் கேட்கவில்லை.

அறுவைக்கு முன்னால்

தேய்மானம் என்றதும் கத்திதான் என்று இல்லை. எடைக் குறைப்பு, கணுக்காலை அணைத்துப் பிடிக்கும் பிரேஸ், அடிப்பாகம் படகு மாதிரி வளைந்த ஷூ, இந்த மூன்றும் பலருக்கு வருடக்கணக்கில் போதும். வளைந்த ஷூ நன்றாக வேலை செய்யும். ஆனால் நாம் வீட்டுக்குள் வெறுங்காலில் நடக்கிற ஜனம், பாதி நாள் அதன் பலன் கிடைக்காது. வீட்டுக்குள் மட்டும் போட என்று ஒரு தடித்த செருப்பு வாங்கினேன். அம்மா ஒரு மாதம் முறைத்தார், பிறகு பழகிவிட்டார்.

சொந்த ரத்தத்தில் இருந்து பிரித்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசியைப் பற்றியும் எனக்குச் சொன்னார்கள். 2021இல் நெதர்லாந்தில் 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. பாதிப் பேருக்கு அந்த ஊசி, பாதிப் பேருக்கு உப்புநீர். 26 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தை நான் பிசியோதெரபிக்கு வைத்துக்கொண்டேன்.

இணைப்பதா, மாற்றுவதா?

இதெல்லாம் பலிக்காதபோது பெரிய அறுவைகள் இரண்டு. ஒன்று இணைப்பு: மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் ஸ்க்ரூ போட்டு ஒன்றாக வளர விடுவது. மூட்டே இல்லை என்றால் மூட்டுவலியும் இல்லை. இன்னொன்று செயற்கை மூட்டு.

முழங்கால் மாற்று அறுவை சாதாரணமாகிவிட்ட நிலையில், கணுக்காலுக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு வரலாறு இருக்கிறது. 1970இல் பிரான்ஸில் லார், மாரோட் என்ற இருவர் முதல் செயற்கைக் கணுக்காலைப் பொருத்தினார்கள். இடுப்பு மூட்டைத் தலைகீழாக்கிய மாதிரி ஒரு வடிவம். அது சரிப்படவில்லை. அடுத்து வந்த வடிவங்களும் சீக்கிரமே தளர்ந்தன. பிறகு டென்மார்க்கின் ஹாகன் கோஃபோட் உருவாக்கிய வகை போன்றவை வந்துதான் நிலைமை மாறியது. இப்போது வருபவை எவ்வளவோ மேல்.

எது சிறந்தது? பிரிட்டனில் 303 பேரைச் சீட்டுக் குலுக்கும் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. ஒரு வருட முடிவில் இரண்டு குழுவுக்குமே வலி நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மாற்று அறுவையில் புண் ஆறுவதிலும் நரம்பிலும் தொல்லை அதிகம். இணைப்பில் சிலருக்கு எலும்பு ஒட்டாமல் போனது. ஆக, "எது நல்லது" என்ற கேள்வியை விட "நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்" என்ற கேள்விதான் முக்கியம். வயதானவர், மிதமாக நடப்பவர், பக்கத்து மூட்டுகளிலும் தேய்மானம் உள்ளவர் என்றால் செயற்கை மூட்டின் பக்கம் சாய்வார்கள். வயது குறைவு, உடலுழைப்பு அதிகம், எலும்பு கோணல் என்றால் இணைப்பு. இணைப்பிலும் ஒரு கடன் இருக்கிறது: பூட்டிய மூட்டின் வேலையைக் கீழே உள்ள சின்ன மூட்டுகள் சுமக்கின்றன, பல வருடம் கழித்து அவை தேயலாம்.

வட சென்னையில் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு மார்கோ வான் பாஸ்டனைத் தெரியும். கணுக்காலால் 1993க்குப் பிறகு ஆடவே முடியாமல், 1995இல் ஓய்வை அறிவித்தார். உலகத்தின் எந்த மருத்துவரையும் பார்க்கக் கூடிய அவரும் கடைசியில் இணைப்பைத்தான் செய்துகொண்டார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது.

47 வயதில் நானும் இணைப்பைத் தேர்ந்தேன்.

அறுவை பாதி, மீட்பு மீதி

முதல் ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது. எங்கள் வீடு முதல் மாடி. குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து நிற்கக் கம்பி, இதையெல்லாம் அறுவைக்கு முன்பே தயார் செய்யுங்கள். நான் செய்யவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாடிப்படியில் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஏறினேன். பிறகு ஆறு வாரம் பூட்ஸ் மாதிரியான கட்டுடன் கொஞ்சம் கொஞ்சமாக எடை. அதற்கப்புறம்தான் உண்மையான வேலை: இடுப்பு, தொடை, பாதம் எல்லாவற்றுக்கும் மறுபடி நடை கற்றுக் கொடுப்பது. புகைப்பவருக்கு எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. நான் அறுவைக்கு முன்பே சிகரெட்டை விட்டதற்கு இதுதான் காரணம், மனவலிமை எல்லாம் இல்லை.

பதினான்கு மாதம் ஆகிறது. சமதளத்தில் வலி இல்லாமல் நடக்கிறேன். சப்பணம் போட்டு உட்கார முடிகிறது, குந்த முடியவில்லை. படி இறங்கும்போது காலைப் பார்த்து வைக்கிறேன்.

நம்ம ஊரில் எங்கே தொடங்குவது?

காலடிப்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரல், எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே எலும்பியலுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. பிரேஸ், நடைப் பயிற்சிக்கு கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த அறுவை அதில் அடங்கும் என்று தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க என் பட்டியல்: எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா? வருடத்துக்கு எத்தனை கணுக்கால் அறுவை செய்கிறீர்கள்? எனக்கு இணைப்பு ஏன், மாற்று ஏன் இல்லை? எலும்பு ஒட்டாவிட்டால் அடுத்து என்ன?

இன்னொன்று, இதைப் படிக்கும் இருபது வயதுக்காரர்களுக்கு. தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கணுக்காலில் முறிவு என்றால் அங்கேயே, அன்றைக்கே கேளுங்கள்: "எலும்பு அதனதன் இடத்தில் இருக்கிறதா?" நான் இருபது வருடம் தாமதமாகக் கேட்ட கேள்வி அது.