வலிக்காத புண்ணே வஞ்சகப் புண்!

காலிலே முள் தைத்தால் துடிக்கிறோம். பல்லிலே வலி கண்டால் பாதி இரவிலும் எழுந்து கிராம்புத் தைலம் தேடுகிறோம். வலி என்று ஒன்று வந்துவிட்டால் நாம் எவரும் சும்மா இருப்பதில்லை. ஆனால், வலிக்காமல் வருகிற பகை ஒன்று இருக்கிறது, தோழர்களே! கன்னத்தின் உட்புறத்திலே ஒரு வெள்ளைத் திட்டு. நாக்கின் ஓரத்திலே ஒரு சிவப்புத் தடிப்பு. ஈறின் அடியிலே ஆறாத சிறு புண். அது குத்துவதில்லை, குடைவதில்லை, வேலைக்குப் போகிறவனை வழிமறிப்பதுமில்லை. “வலிக்கவில்லையே, பிறகு பார்த்துக் கொள்ளலாம்” என்கிறோம். அந்த ஒரு சொல்லிலேதான் ஆயிரமாயிரம் குடும்பங்களின் கண்ணீர் அடங்கிக் கிடக்கிறது.

வாய்ப்புற்று அப்படித்தான் வருகிறது. பூனைபோல் நுழைகிறது, புலியாகி நிற்கிறது. வலி வந்து, வாய் திறக்க முடியாமல், கழுத்திலே கட்டியோடு நாம் மருத்துவமனைப் படி ஏறும்போது, அது பாதிக் கோட்டையைப் பிடித்து விட்டிருக்கிறது.

2022ஆம் ஆண்டுக்கு உலகப் புற்றுநோய்க் கணக்கர்கள் தந்த மதிப்பீடு இது: இந்தியாவிலே அந்த ஓராண்டில் வாய்ப்புற்று புதிதாகக் கண்டவர்கள் சுமார் 1,44,000 பேர்; மாண்டவர்கள் சுமார் 80,000 பேர். நாளொன்றுக்கு இருநூறு பிணங்களுக்கு மேல்! உலகத்து வாய்ப்புற்று நோயாளிகளிலே மூவரில் ஒருவருக்கு மேல் இந்நாட்டவர். யார் இவர்கள்? மூட்டை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், கொத்து வேலை செய்கிறவர், தறியடியிலே இரவெல்லாம் கண்விழிக்கிறவர், களையெடுக்கிற தாய்மார். நம்மவர்கள்! நம் ஊர்வலத்திலே கொடி பிடித்து நடப்பவர்கள்!

ஏன் இந்த நாட்டுக்கு மட்டும் இத்தனை பெரிய பங்கு? தலையெழுத்தா? முன்வினையா? எந்த நோய்க்கும் ஒரு காரணம் உண்டு, காரணத்தைத் தேடுவதே அறிவு என்று கற்றவர்கள் நாம். தேடுவோம்.

மேலைநாட்டவருக்கு வாய்ப்புற்று பெரும்பாலும் நாக்கிலும், நாக்கின் அடித்தளத்திலும் வருகிறது. நம்மவருக்கோ கன்னத்தின் உட்புறத்திலும், கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்திலும் மிகுதியாக வருகிறது. புகையிலைச் சுருளை மணிக்கணக்கில் அடக்கி வைக்கிற இடம் எது? அதே இடம்! ஆந்திரக் கடற்கரைச் சிற்றூர்களிலே சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கிற பெண்கள் உண்டு. அவர்களுக்குப் புற்று வருவது மேலண்ணத்திலே! நெருப்புப் படும் இடத்திலே நோய். நஞ்சு தங்கும் இடத்திலே நோய். விதிக்கு வேறு வேலையில்லையா, புகையிலை வைத்த இடத்தைத் தேடித் தேடி வந்து எழுதுவதற்கு?

இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியுமன்று. இன்று குமரி மாவட்டத்திலே இருக்கிற நெய்யூர், அன்று திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்த ஊர். அங்கிருந்த மிஷன் மருத்துவமனையிலே கன்னப்புற்று நோயாளிகள் வந்து குவிந்ததை 1908இலேயே மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். 1933இல் ஆர் என்ற மருத்துவர், வெற்றிலை பாக்கு மெல்வோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி ‘லான்செட்’ என்ற ஆங்கில மருத்துவ ஏட்டிலே எழுதினார். அதற்குப் பிறகும் நாம் விருந்து முடிந்ததும் தாம்பூலத் தட்டை நீட்டிக் கொண்டிருக்கிறோம்!

“புகையிலைதானே கெடுதல்? நான் வெறும் வெற்றிலை பாக்குத்தான்” என்று ஒரு தோழர் சொல்லுவார். பாக்குத்தான் அதிலே குற்றவாளி, தோழரே! புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் அறிவித்தது. பாக்கை ஓயாமல் மென்றால் கன்னத்தின் உட்சதை நாளடைவில் தடித்து நார்போல் இறுகி விடுகிறது. பிறகு வாய் திறக்க மறுக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. பொட்டலப் பாக்கை மாற்றி மாற்றி வாயிலே போடுகிற இளைஞர்களிடம் இன்று இதைக் காண்கிறோம். புற்றுக்கு முன் அடிக்கிற எச்சரிக்கை மணி அது.

“எங்கள் தாத்தா எண்பது வயதுவரை போட்டார், என்ன கெட்டுப் போனார்?” என்று மற்றொரு தோழர் கேட்பார். தாத்தா தப்பித்தார், மகிழ்ச்சி. சாலையிலே கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே ஓடியவரும் சில வேளை தப்பிப்பதுண்டு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதையா பிள்ளைக்குக் கற்றுத் தருவது?

“பீடி ஏழையின் புகை, அதிலே அவ்வளவு கேடு இல்லை” என்பது மூன்றாவது வாதம். இலையிலே சுற்றினாலும் காகிதத்திலே சுற்றினாலும் உள்ளே இருப்பது புகையிலை. அதோடு மதுவும் சேர்ந்து விட்டால், தீமை இரண்டும் கூடுவதில்லை. ஒன்றையொன்று பெருக்கி விடுகிறது.

பழக்கத்துக்கு ஆளானவனைப் பார்த்துப் பழிப்பது நம் நோக்கமன்று. பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறவன், பசியை மறக்க ஒரு சிட்டிகை வைக்கிறான். இரவு ஷிப்டிலே தூக்கம் வராதிருக்க ஒரு பொட்டலம் பிரிக்கிறான். கூலி உயர்ந்தால் சோறு கிடைக்கும். ஓய்வு கிடைத்தால் உறக்கம் கிடைக்கும். இரண்டும் கிடைக்காதபோது புகையிலை கிடைக்கிறது, பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை! உழைப்பவன் வாயிலே புண். விற்பவன் பையிலே பொன். பீடி சுற்றிப் பிழைக்கிற நெல்லை, தென்காசி, வேலூர்த் தாய்மார்கள் பையிலே அந்தப் பொன் விழுவதில்லை. அவர்களுக்கு மாற்றுத் தொழில் தேடித் தரவேண்டிய கடமையும் நாட்டுக்கு உண்டு.

தோழர்களே, இனி எழுத வேண்டியதை எழுதும்போது பேனா கனக்கிறது. நம் இயக்கமே இந்த நோயால் தாயை இழந்த பிள்ளை அல்லவா? 1967 மார்ச்சிலே ஆட்சிப் பொறுப்பேற்ற அறிஞர் அண்ணா, இரண்டு ஆண்டுகள்கூட நிறையாமல், 1969 பிப்ரவரி 3ஆம் நாள் நம்மை விட்டுப் பிரிந்தார். வயது 59. 1968 செப்டம்பரிலே நியூயார்க் சென்று அறுவை செய்துகொண்டும் காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு வந்தது உணவுக்குழாய்ப் புற்று, வாய்ப்புற்று அன்று. ஆனால் வாயும் உணவுக்குழாயும் ஒரே பாதை. புகையிலை அந்தப் பாதை முழுவதையும் தாக்குகிறது என்பது மருத்துவம் நிலைநாட்டிய உண்மை. அண்ணாவுக்குப் பொடியும் புகையிலையும் பழக்கமாக இருந்ததை அவரோடு இருந்தவர்கள் மறைத்ததில்லை. நாமும் மறைப்பதற்கில்லை. தலைவரின் அறிவை எடுத்துக் கொள்வோம், அன்பை எடுத்துக் கொள்வோம், அடக்கத்தை எடுத்துக் கொள்வோம். அவரைப் பறித்த நோயிலிருந்து பாடத்தையும் எடுத்துக் கொள்வோம். காஞ்சியை அடுத்த காரப்பேட்டையிலே அவர் பெயரால் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறதே, அது வெறும் கட்டடமா? நமக்கு இடப்பட்ட கட்டளை!

இந்த நோயை வெல்ல முடியுமா? முடியும். ஆதாரம் இருக்கிறது. நெய்யூருக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளிலே 1996இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 35 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 1,90,000 பேர் அதிலே அடக்கம். பாதி ஊர்களிலே, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். பெரிய இயந்திரம் எதுவும் அவர்களிடம் இல்லை. வெளிச்சமும் கண்ணும் அக்கறையும் இருந்தன! சந்தேகம் கண்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவிகிதம் குறைவு! மூன்றிலே ஓர் உயிரை மீட்டது எது? ‘வாயைத் திற, பார்க்கிறேன்’ என்ற ஒரு சொல்!

அந்தச் சொல்லை நமக்கு நாமே சொல்லிக் கொள்ள முடியாதா? மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்திலே, முகம் பார்க்கும் கண்ணாடி முன் நில்லுங்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றுங்கள். உதட்டை மேலும் கீழும் விலக்கிப் பாருங்கள். விரலால் கன்னத்தை இழுத்து இருபுறமும் உட்பக்கம் பாருங்கள். நாக்கை நீட்டுங்கள், இடப்பக்கம், வலப்பக்கம் ஓரங்களைப் பாருங்கள், நாக்கை மேலே தூக்கி அடித்தளத்தைப் பாருங்கள். அண்ணாந்து மேலண்ணத்தைப் பாருங்கள். கழுத்தின் இருபுறமும் தடவிக் கட்டி இருக்கிறதா என்று அறியுங்கள். கடைசியாக, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வையுங்கள். நுழையவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, செந்நிறத் திட்டு, காரணமின்றி ஆடுகிற பல், நாக்கிலோ உதட்டிலோ மரத்துப் போன உணர்வு, விழுங்குவதிலே தடை, கழுத்திலே கட்டி. இவற்றுள் ஏதேனும் ஒன்று கண்டால் மருந்துக் கடையிலே களிம்பு வாங்கிப் பூசிக் காலம் கடத்தாதீர்கள். மந்திரித்த கயிறும் வேண்டாம். அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ செல்லுங்கள். எல்லாத் திட்டும் புற்றன்று. எது புற்று என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

“சதையைக் கிள்ளிப் பரிசோதித்தால் நோய் பரவி விடும், கத்தி பட்டால் ஆள் போய்விடுவான்” என்று ஒரு கதை உலவுகிறது. ஆளைக் கொல்வது கத்தியன்று, காலதாமதம்! தொடக்கத்திலே கண்டால் சிறிய அறுவையோடு, சிலருக்குக் கதிர்வீச்சோடு, பெரும்பாலோர் பிழைத்து வேலைக்குத் திரும்புகிறார்கள். முற்றிய பிறகு வந்தால் தாடையை எடுக்க வேண்டியிருக்கிறது, நாக்கை எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் பலர் பிழைப்பதில்லை. இந்நாட்டிலே பாதிக்கு மேற்பட்டவர்கள் முற்றிய பிறகே வருகிறார்கள் என்பதுதான் நம் நெஞ்சைச் சுடுகிற செய்தி. சட்டமன்றத்திலே தேவதாசி முறையை எதிர்த்து வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்து, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். ஒரு பெண்மணியின் உறுதி அத்தனை பெரிய நிலையமாக வளர்ந்தது. நம் உறுதி ஒரு கண்ணாடி முன் நிற்கக்கூடப் போதாதா?

சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டிலே 2013 முதல் ஆண்டுதோறும் தடையாணை போடப்பட்டது. 2023 ஜனவரியிலே உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. அதே ஏப்ரலிலே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வழக்கு மன்றங்களிலே வாதம் நடக்கட்டும். நம் கன்னத்துக்குள் இருப்பதைத் துப்புவதற்கு எந்த மன்றத்தின் தீர்ப்பும் தேவையில்லை.

விட நினைத்து விட முடியாமல் தவிக்கிறவர்கள் 1800-11-2356 என்ற எண்ணை அழைக்கலாம், கட்டணமில்லை. ஒரு நாள் தவறினாலும் மறுநாள் மீண்டும் தொடங்குங்கள்.

ஒவ்வொரு கிளைக்கும் நாம் வைக்கிற வேண்டுகோள் மூன்று. படிப்பகத்துச் சுவரிலே ஒரு கண்ணாடி மாட்டுங்கள். பக்கத்திலே ஒரு டார்ச் விளக்கு வையுங்கள். கூட்ட மேடையிலும் திருமண வீட்டிலும் வெற்றிலைத் தட்டுக்குப் பதில் வாழைப்பழம் வையுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று, பழக்கமுள்ள தோழர்களை உட்கார வைத்து வாயைப் பாருங்கள். சந்தேகம் கண்டால் நீங்களே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தனியாகப் போகச் சொன்னால் பயந்து திரும்பி விடுவார்; தோழன் கூட வந்தால் போவார்.

உரிமைக்கு முழங்குகிற வாய் நம் வாய். கூலி கேட்கிற வாய், தமிழ் பேசுகிற வாய், பிள்ளையை முத்தமிடுகிற வாய். அதை நோய் வந்து பூட்டுவதற்கு முன்னே, நாமே திறந்து பார்ப்போம்!