ஒபாமாவின் அம்மா கொல்லுப்பட்டறையில் என்ன செய்தார்?

ஆன் டன்ஹம். முன்னாள் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் அம்மா என்று பலருக்கும் தெரியும். அதே அம்மா ஜாவா கொல்லர்களைப் பற்றி 1,043 பக்கத்துக்கு ஆய்வேடு எழுதியவர் என்பது தெரியுமா? பொறுங்கள், இன்னும் இருக்கிறது. அவருடைய முழுப்பெயர் ஸ்டான்லி ஆன் டன்ஹம்! அப்பா பெயரும் ஸ்டான்லி, மகள் பெயரும் ஸ்டான்லி.

வாருங்கள், நேரே பட்டறைக்குள் நுழைவோம். யோக்யகர்த்தாவுக்குப் பக்கத்தில் குனுங் கிடுல் என்றொரு வறண்ட சுண்ணாம்புப் பாறைச் சீமை. அங்கே காஜர் என்ற ஊர். விவசாயம் கைகொடுக்காத மண்ணில் உலைதான் சோறு போடுகிறது. ஒருவர் துருத்தி போடுகிறார். மூத்த கொல்லர் பழுத்த இரும்பை இடுக்கியில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். சம்மட்டிக்காரர்கள் மாறி மாறி அடிக்கிறார்கள். ஓரமாக ஒருவர் அரம் வைத்து ராவுகிறார். மூலப்பொருள்? காயலான் கடைச் சரக்குதான்! பழைய இரும்பு உள்ளே போகிறது. மண்வெட்டியும் அரிவாளும் வெளியே வருகின்றன.

1970களின் பிற்பாதியில் இந்தப் புகைக்குள் வந்து உட்கார்ந்தவர்தான் ஆன். கையில் நோட்டு. கேள்வியெல்லாம் கணக்குப்பிள்ளை கேள்வி. கரி என்ன விலை? இரும்பு ரொக்கமா, கடனா? லாபத்தில் சம்மட்டிக்காரருக்கு எவ்வளவு, பட்டறைக்காரருக்கு எவ்வளவு? கொல்லருக்கு அமானுஷ்ய சக்தி உண்டு என்ற ஜாவா நம்பிக்கையையும் குறித்துக்கொண்டார். வரவு செலவையும் விடவில்லை.

ஆய்வேட்டின் பின்கதை இன்னும் ருசி. பாத்திக், தோல்பாவை, மட்பாண்டம், கூடை என்று ஊர்க் கைத்தொழில்களை மொத்தமாக அள்ளிவிடுவதுதான் முதல் திட்டம். வழிகாட்டி ஆலிஸ் டியூயி, தத்துவ மேதை ஜான் டியூயியின் பேத்தி. 'ஒன்றைப் பிடி' என்று அவர் வழிக்குக் கொண்டுவந்த பிறகுதான் கொல்லர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஒன்றே ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது என்றால், எல்லாம் இருந்திருந்தால்? ஹவாய் பல்கலைக்கழகம் 1992இல் முனைவர் பட்டம் தந்தது. அம்மணிக்கு அப்போது வயது 49!

இத்தனை காலம் ஏன்? வேலை, வேலை, வேலை. இந்தோனேசியக் கணவரோடு குடும்பம் நடத்த 1967இல் ஜகார்த்தா வந்தவர், ஆங்கில ஆசிரியை ஆனார். பகலில் பெரியவர்களுக்குப் பாடம். விடிகாலை நான்கு மணிக்கே மகனை எழுப்பி அஞ்சல்வழி அமெரிக்கப் பாடம்! பையன் சிணுங்கினாலும் வகுப்பு ரத்தாகாது. பிற்பாடு அந்த மாணவர் வெள்ளை மாளிகைக்கே போனார். ஆசிரியையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்!

1981இல் ஃபோர்டு அறக்கட்டளையின் ஜகார்த்தா அலுவலகத்தில் சேர்ந்தார். வீட்டிலிருந்தே தொழில் செய்து, கூலிக் கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த பெண்களுக்கான திட்டங்கள் அவர் பொறுப்பு. இங்கே ஒரு சுவையான தகவல். அதே அறக்கட்டளையில் ஆசியத் திட்டங்களைப் பார்த்துக்கொண்டவர் பீட்டர் கைட்னர். அவருடைய மகன் திமோதி கைட்னர்தான் 2009இல் ஒபாமாவின் நிதியமைச்சர்! இந்தத் தற்செயலைக் கதையில் எழுதினால் 'காதுல பூ' என்பார்கள்.

காஜர் நோட்டுகளின் உண்மையான வேலை 1988க்குப் பிறகு தெரிந்தது. அந்த ஆண்டு முதல் 1995 வரை இந்தோனேசியாவின் ராக்யாத் வங்கியின் சிறுகடன் திட்டத்துக்கு ஆன் ஆலோசகர். 'ஜாவா கிராமத்தான் லாபக் கணக்கே பார்க்காதவன், அவன் பொருளாதாரமே வேறு' என்பது டச்சுப் பொருளாதார அறிஞர் பூகே காலத்திலிருந்து வந்த வாதம். பட்டறை வாசலில் உட்கார்ந்து பைசா பைசாவாக எழுதியவரிடம் இது செல்லுபடியாகுமா? அவனுக்குப் புத்தியும் இருக்கிறது, கணக்கும் தெரிகிறது. இல்லாதது முதல் மட்டும்தான் என்றார். வங்கியும் 1984 முதல் மானியக் கடனைக் கைவிட்டு, சந்தை வட்டியில் சிறு கடன் கொடுத்துவந்தது. வாங்கியவர்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டினார்கள். உலகின் மிகப் பெரிய சிறுகடன் திட்டங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

இதற்கிடையே நியூயார்க்கில் உலகப் பெண்கள் வங்கிக் கூட்டமைப்பில் பணி. 1995 பெய்ஜிங் மகளிர் மாநாட்டில் ஏழைப் பெண்களின் கடன் தேவை பேசப்பட வேண்டும் என்று முன்வேலை செய்தார். அதற்குள் புற்றுநோய் வந்துவிட்டது. 1995 நவம்பர் 7 அன்று, 53 வயது நிறைய மூன்று வாரம் இருக்கையில், ஹவாயில் இறந்தார்.

ஆய்வேட்டைச் சுருக்கி டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2009இல் நூலாக்கியது. முன்னுரை மகள் மாயாவுடையது. ஆன் ஆசையாய்ச் சேர்த்த பாத்திக் துணிகள் அதே ஆண்டு அமெரிக்க அருங்காட்சியகங்களைச் சுற்றிவந்தன. களக் குறிப்பேடுகள் ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

மானுடவியல் படிக்கப் போகும் பிள்ளைகளே, 'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?' என்று வீட்டில் கேட்டால், ஆசிரியை, கள ஆய்வாளர், வங்கி ஆலோசகர் என்று அடுக்குங்கள். கூடவே ஒன்றைச் சொல்ல மறக்காதீர்கள்: ஏழைக்குப் புத்தி சொல்லப் போகும் முன், அவருடைய கணக்கைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் இந்தப் படிப்பு.