இரண்டு அளவுகள் போதுமா?

ஒரு பொருளின் வெப்ப இயக்கவியல் நிலையைக் குறிக்கும் பண்புகள் பல. அழுத்தம், வெப்பநிலை, கன அளவு, அக ஆற்றல், என்ட்ரோபி எனப் பட்டியல் நீளும். நிலையை அறிய இவை அனைத்தையும் அளக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நீரைப் போன்ற தூய பொருள் சமநிலையில் இருக்கும்போது, ஒன்றையொன்று சாராத இரண்டு பண்புகள் தெரிந்தால் போதும். ஏனையவை தாமே முடிவாகிவிடும். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 20 டிகிரி செல்சியஸில் உள்ள தூய நீர் என்று சொல்லிவிட்டால், அதில் ஒரு கன மீட்டரின் நிறை சுமார் 998 கிலோகிராம் என்பதை அளக்காமலே கூறலாம். அந்நீர் பனிக்கட்டி உருகி வந்ததா, ஆவி குளிர்ந்து வந்ததா என்ற வரலாறு தேவையில்லை.

ஆயினும் 'ஒன்றையொன்று சாராத' என்னும் சொற்களே இங்கு உயிரானவை. கொதிக்கும் நீரை எண்ணிப் பாருங்கள். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அது 100 டிகிரியில் கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும், நீர் தீரும்வரை வெப்பநிலை ஏறுவதில்லை. அழுத்தத்தை இரு மடங்காக்கினால் கொதிநிலை சுமார் 120 டிகிரியாகும். பிரஷர் குக்கரில் பருப்பு விரைவில் வேகும் காரணம் இதுவே. அதாவது, நீரும் ஆவியும் சேர்ந்திருக்கையில் அழுத்தம் முடிவானால் வெப்பநிலையும் முடிவாகிவிடுகிறது. இரண்டு அளவுகள் போலத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றுதான். 100 டிகிரியில் ஒரு கிலோகிராம் நீர் ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும். அதே நீர் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 1,670 லிட்டர். அழுத்தமானியும் வெப்பமானியும் இரு நிலைகளிலும் ஒரே எண்களையே காட்டும். கலவையில் ஆவியின் பங்கு எவ்வளவு என்பதும் தெரிந்தால்தான் நிலை முழுமையாகும்.

அமெரிக்க அறிஞர் கிப்ஸ் 1870-களில் இதனைப் பொது விதியாக்கினார். தூய பொருள் ஒன்றில் நாம் விருப்பம்போல் அமைக்கக்கூடிய அளவுகள், அது ஒரே நிலைமையில் இருந்தால் இரண்டு. நீர், ஆவி என இரு நிலைமைகள் சேர்ந்திருந்தால் ஒன்று. பனிக்கட்டியும் சேர்ந்து மூன்றானால் ஒன்றுமில்லை. அம்மூன்றும் கூடியிருப்பது 0.01 டிகிரியில், ஒரே ஓர் அழுத்தத்தில் மட்டுமே.

இது வெறும் ஏட்டறிவு அன்று. 1979 மார்ச் 28-ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட, குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அந்த நீர் கொதிக்காதிருக்கும்படி, வழக்கமாக அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் சுமார் 150 மடங்காக வைக்கப்பட்டிருக்கும். அழுத்தம் குறையவே உள்ளே நீர் கொதித்தது. ஆவிக் குமிழிகள் நீரை மேலே தள்ளியதால் நீர்மட்டக் கருவி உயர்ந்தே நின்றது. நீர் மிகுதி என்று கருதிய பணியாளர்கள், அவசரமாகப் பாய்ந்த நீரையும் குறைத்தனர். உலையின் எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகியது. அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அட்டவணையில் இணைத்துப் பார்த்திருந்தால், நீர் கொதிநிலையை எட்டியது புலப்பட்டிருக்கும். அதன்பின், கொதிநிலைக்கு நீர் எவ்வளவு தாழ்வில் உள்ளது என்பதை நேரே காட்டும் கருவி அங்குள்ள இவ்வகை உலைகளில் கட்டாயமாயிற்று.

எனவே, எத்தனை கருவிகள் உள்ளன என்று எண்ணுமுன், அவற்றில் ஒன்றையொன்று சாராதவை எத்தனை என்று கேட்போம். நிலையை அறிவிப்பவை அவையே.