பூட்டிய ஆய்வுகூடங்களும் பெற்றோரின் பங்கும்

எமது பாடசாலைகளில் விஞ்ஞானக் கல்வியின் நிலை பற்றிப் பேசப்படும் போதெல்லாம் ஆய்வுகூட வசதியின்மையே முதற் குறையாக எடுத்துரைக்கப்படுகின்றது. வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் இது மறுக்க முடியாத உண்மையே. நாட்டிலுள்ள 10,000 இற்கும் அதிகமான அரச பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்டவை ஏறத்தாழ பத்திலொரு பங்கு மாத்திரமே. ஆயினும், ஆய்வுகூடம் உள்ள பாடசாலைகள் பலவற்றிலும் அதன் கதவு பூட்டியே கிடப்பது ஏன் என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை.

பரீட்சை ஒரு காரணம். க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரிசோதனை பற்றிய வினாவுக்கும் தாளிலேயே விடையளிக்கப்படுகின்றது. நுணுக்குக்காட்டியைத் தொட்டறியாத மாணவனும் குறிப்புகளை மனனம் செய்து சித்தியடைந்துவிடலாம். 2007 ஆம் ஆண்டு தரம் 6, தரம் 10 ஆகியவற்றில் தேர்ச்சி மையப் பாடத்திட்டம் அறிமுகப்படுத்தப்பட்டபோது, மாணவர் தாமே செய்து கண்டறிய வேண்டும் என்றே வலியுறுத்தப்பட்டது. எனினும், "பாடத்திட்டம் முடிந்துவிட்டதா?" என்று ஆசிரியரிடம் கேட்கும் பெற்றோர், "பிள்ளை எதைச் செய்து பார்த்தது?" என்று கேட்பது அரிது.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வுகூடப் பொருட்கள் யாவும் பதிவேட்டில் ஏற்றப்பட்டவை. வருடாந்தக் கணக்கெடுப்பில் கண்ணாடிக் குடுவை ஒன்று குறைந்தாலும் பொறுப்பாசிரியர் விளக்கமளிக்க நேரிடும். நாற்பது பிள்ளைகளின் கையில் அவற்றைக் கொடுப்பதிலும் பார்க்க அலுமாரியில் வைத்துப் பூட்டுவதே அவருக்குப் பாதுகாப்பு. உடையாத உபகரணங்கள் நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகிவிடுகின்றன!

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் தலையிட வேண்டிய இடம் இதுவே. உடைபவற்றுக்கும் தீர்ந்துபோகும் இரசாயனப் பொருட்களுக்குமென ஒரு சிறு தொகையைச் சங்கம் ஆண்டுதோறும் ஒதுக்கினால் ஆசிரியரின் தயக்கத்தில் பாதி அகன்றுவிடும். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் நுழைவாயில் வளைவுக்கும் மண்டபத்துக்கும் மனமுவந்து வழங்குகின்றனர். பெயர் பொறித்த கல்லுக்குப் பரிசோதனைக் குழாயில் இடமில்லை என்பதாலோ என்னவோ, ஆய்வுகூடத்தை நோக்கி அந்த உதவி திரும்புவது குறைவு.

பணம் மட்டுமே உதவியன்று. மஞ்சட் கறை படிந்த துணியில் சவர்க்காரம் பட்டதும் அது சிவப்பதைத் தாய்மார் அனைவரும் கண்டிருப்பர். காரத்தை இனங்காணும் பரிசோதனை அதுதான். செவ்வரத்தம் பூவின் சாறும் அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறொரு நிறமும் காட்டும். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு என்பதைப் பாடநூலில் வாசிப்பதற்குப் பதிலாக, 100 மில்லிலீற்றரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சுவதை ஊரிலுள்ள பொற்கொல்லரின் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். கிணற்று நீர் உவராகி வரும் கரையோரக் கிராமங்களில் அது வெறும் பாடமாக இராது. மீனவரும் விவசாயியும் மின்னிணைப்பாளரும் ஒரு மணித்தியாலம் வகுப்பறைக்கு வருவதற்கு அதிபரின் அழைப்பே போதுமானது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் விடுமுறை நாட்களில் இத்தகைய செயலமர்வுகளுக்குத் தமது மண்டபங்களை வழங்கலாம்.

இதனால் அரசின் பொறுப்பு குறைந்துவிடாது. பெற்றோரின் வசதியை மட்டும் நம்பினால் நகரப் பாடசாலை முன்னேறும். வன்னியின் உட்கிராமமும் தோட்டப் பாடசாலையும் மேலும் பின்தங்கும். ஆய்வுகூட உதவியாளர் நியமனமும் உபகரண வழங்கலும் கல்வி அமைச்சினதும் மாகாண சபைகளினதும் கடமையே. வசதியுள்ள பழைய மாணவர் சங்கமொன்று அயற் பாடசாலைகளையும் தனது ஆய்வுகூடத்துக்கு அழைத்தால் இடைவெளி சற்றேனும் சுருங்கும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பிள்ளைகள் புத்தளத்தின் அகதி முகாம்களில் கல்வியைத் தொடர நேர்ந்தது. மின்கலமின்றி மின்சுற்றைப் படித்த அந்தத் தலைமுறையினரே இன்று பெற்றோர். தமது பிள்ளையின் பாடசாலையில் ஆய்வுகூடம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கப்படுகிறது என்பதை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அவர்கள் கேட்கலாம்; திறப்பதற்கு ஆசிரியருக்கு என்ன தேவை என்பதையும் சேர்த்தே கேட்கலாம்.