பசையோடு போன கால் கிலோ

வேதியியல் மூன்று தளங்களில் நடக்கும் பாடம் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1982-இல் எழுதினார். கண்ணால் பார்ப்பது ஒன்று, கண்ணுக்கு எட்டாத துகள் ஒன்று, கரும்பலகையில் எழுதும் குறியீடு ஒன்று. ஆசிரியருக்கு மூன்றும் பழகிப்போனவை. ஒரே மூச்சில் தாவிவிடுவார். ஏழாம் வகுப்புப் பிள்ளை மூன்றையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் குறியீட்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு தப்பிக்கும். ஆகவே எட்டாம் வகுப்பு முடியும்வரை முதல் தளத்திலேயே நிறையப் புழங்கவிட வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கான சரக்கு வாலாஜாபாத்தைச் சுற்றி வேண்டிய மட்டும் கிடக்கிறது. பக்கத்திலேயே அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தறிகள். சற்றுத் தள்ளினால் காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைகள்.

கச்சாப் பட்டு பளபளக்காது. விறைப்பாக, மங்கலாக இருக்கும். இழையைச் சுற்றிச் செரிசின் என்ற பசை ஒட்டியிருப்பதே காரணம். சோப்பும் சலவை சோடாவும் போட்ட கொதிநீரில் அதை அகற்றிய பிறகுதான் சாயம். ஒரு கிலோ நூலில் ஏறக்குறைய கால் கிலோ இதில் போய்விடும். இதை வகுப்பில் செய்ய 40 கிராம் நூலும் ஒரு தராசும் போதும். கொதிக்கவைப்பது ஆசிரியர் வேலை. காய்ந்த பிறகு நிறுத்தால் சுமார் 30 கிராம். மீதி எங்கே? தண்ணீரில் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சரி, காட்டு என்றால்தான் பாடம் தொடங்குகிறது. தண்ணீரை வற்றவிட்டால் அடியில் தங்குவதில் சோப்பும் சோடாவும் கலந்திருக்கும். எவ்வளவு போட்டோம் என்று முன்பே எழுதிவைத்தவர்களுக்குத்தான் கணக்கு நேராகும். நிறை அழியாது என்ற விதியை மேல்வகுப்பில் படிக்கும்போது இந்தப் பாத்திரம் நினைவுக்கு வரும். இன்னொரு சங்கடமும் உண்டு. மாற்றங்களை இயற்பியல், வேதியியல் என்று இரண்டு பத்தியாகப் பிரிக்கிறோமே, இது எந்தப் பத்தி? பசைப் புரதம் கரையவும் செய்கிறது, காரத்தில் துண்டுபடவும் செய்கிறது. பத்தி போதவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

நெசவாளர் பிள்ளைக்கு நெசவையே காட்டுவது குலக்கல்வி இல்லையா என்று கேட்கலாம். லேசான கேள்வி அல்ல. 1953-இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளியைப் பாதி நாளாக்கி, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. அடுத்த ஆண்டு காமராஜர் வந்ததும் திட்டம் போனது. (அதே ராஜாஜிதான் ‘திண்ணை ரசாயனம்’ என்று தமிழில் வேதியியலை எளிமையாக எழுதியவரும். திண்ணையில் அவர் செய்தது எனக்குப் பிடிக்கும். கோட்டையில் செய்தது பிடிக்காது.) தறிக்குழியில் பிள்ளைகளை உட்காரவைத்த காலமும் காஞ்சிபுரத்துக்கு வெகுதூரத்தில் இல்லை. ஆனால் அந்தத் திட்டம் பிள்ளையை வகுப்பிலிருந்து தொழிலுக்கு அனுப்பியது. இங்கே ஒரு கைப்பிடி நூல் வகுப்புக்கு வருகிறது, வேலையாக அல்ல, கேள்வியாக. விவசாயி பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் அதே நூலைத்தான் நிறுக்கிறார்கள். ஒருவேளை நெசவாளர் மகளுக்கே அந்தப் பசை புதுசாக இருக்கும். சாயமேறிய நூல்தானே வீட்டுக்கு வருகிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பசையா கேட்பார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். கேட்க மாட்டார்கள். ஆனால் ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே பலபடி வேதியியல் இருக்கிறது. பட்டு அதில் வெறும் பெயராக நிற்காமல் கைக்கு வந்துபோவதில் பாடத்திட்டம் ஒன்றும் குலையாது. இரண்டு பாடவேளை செலவாகும், அவ்வளவுதான்.

வற்றவிடாமல் மிச்சம் வைத்த அந்தக் காரத் தண்ணீரில் மஞ்சள் தடவிய தாளை நனைத்தால் சிவக்கும். அதையே சாக்கடையில் கொட்டினால் என்ன ஆகும் என்பது அடுத்த வாரத்துக்கு.