படகு மோட்டாரின் கியர் ஆயில் ஏன் மோர் மாதிரி வெளுக்கிறது?

கொடுங்கையூரிலிருந்து காசிமேடு பக்கம் போனால் ஃபைபர் படகுகளின் மோட்டாரைக் கவனியுங்கள். தண்ணீருக்குள் நீளும் அதன் காலின் அடியில்தான் கியர் பெட்டி இருக்கிறது. அடித் திருகைக் கழற்றும்போது ஆயில் மோர் மாதிரி வந்தால், உள்ளே கடல் நீர் புகுந்துவிட்டது.

எண்ணெயும் தண்ணீரும் சேராதே என்கிறீர்களா? மிக்ஸியில் அடித்துப் பாருங்கள். சுழலும் கியர் பற்கள் அதைத்தான் செய்கின்றன. நீர் நுண்துளிகளாக உடைந்து ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது.

நீர் எப்படிப் புகுந்தது? பல நேரம் குற்றவாளி, அறுந்த வலை நரம்பு. புரொப்பெல்லர் தண்டில் சுற்றி, ரப்பர் ஆயில் சீலை அறுத்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. ஓடும்போது சூடாகும் பெட்டி, நிறுத்தியதும் கடல் நீரில் குளிர்கிறது. சூடான சாதம் அடைத்த டிபன் பாக்ஸ், ஆறியதும் திறக்க மறுக்குமே? அதே கதை. உள்ளே அழுத்தம் குறைய, கிழிசல் வழியே நீர் உறிஞ்சப்படுகிறது.

எங்கே கிழிசல்? சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிற வித்தைதான். ஆயிலை வடித்து, அளவாகக் காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

அடித் திருகின் முனையிலுள்ள காந்தத்தில் பசை போன்ற இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். சில்லுகள் இருந்தால் பல்லே உடைந்திருக்கலாம். அப்போது சீலை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

எஞ்சின் படகுக்குள் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவுக்கும் இதே சோதனைதான். அதன் ரப்பர் துருத்தியில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது ஆயிலை அடித் துளை வழியாகவே, மேல் துளையில் வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டு, பெட்டி நிறைந்துவிட்டதுபோல் ஏமாற்றும்.