இழுவைமடியும் எண்ணும் பொறியும்

மயிலிட்டித் துறைமுகத்திலே, கைப்பற்றப்பட்ட தென்னிந்திய இழுவைப் படகுகள் கட்டப்பட்டுக் கிடப்பதைக் கண்டோர் பலர். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சட்டப் புத்தகமே நினைவுக்கு வருகின்றது.

1990 ஜூனில் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிய துறைமுகம் 2017 ஜூலையிலேயே விடுவிக்கப்பட்டது. கடலடியை வழித்தெடுக்கும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே மாதத்தில்தான். தற்செயலே; எனினும் அந்தச் சட்டம் எத்துணை பிந்தி வந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1953இல் நோர்வேயின் உதவியுடன் கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய திட்டம் ஏழை மீனவரை உயர்த்தும் நல்லெண்ணத்தில் பிறந்தது. பின்னர் இறாலுக்கு அந்நிய நாடுகளில் விலை ஏறிற்று; இயந்திரப் படகுகள் பெருகின. மடியோ குஞ்சென்றும் சினையென்றும் பாராது அனைத்தையும் வாரிற்று. தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தற் சட்டம் 1983இல் வந்தது. இலங்கையின் தடை 2017இல். இடைப்பட்ட காலத்தின் நட்டத்தைச் சுமந்தவன் சிறுதொழிலாளி.

செயற்கை நுண்ணறிவு விடயத்திலும் இதே தாமதம் நேருமோ என்பதே என் அச்சம்.

2023இல் 'அஸ்வெசும' நலன்புரித் திட்டம் வந்தபோது, கல்வி, உடல்நலம், வீடு, உடைமை முதலியன பற்றிய 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளியிட்டுப் பயனாளிகளைத் தெரிந்தனர். அது செயற்கை நுண்ணறிவு அன்று, வெறும் கணக்கே. அதற்கே இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. பழுதாகிக் கரையில் கிடக்கும் படகையும் அட்டவணை உடைமையென்றே எண்ணக்கூடும். படகுக்குரியவனிடம் கேட்டாலன்றி அதன் நிலை தெரியாது. நாளை, புள்ளியிடுவது தானே கற்கும் பொறியாயின், ஏன் விலக்கப்பட்டோம் என்பதை விளக்க அலுவலராலும் இயலாது போகும்.

நம்மிடம் சட்டமே இல்லையென்று கூறுதல் பிழை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொறி மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையை வழங்கிற்று. ஆனால் அதன் வாசகத்தைக் கவனிக்க: பாதிப்பு மாற்றமுடியாததாகவும் தொடர்ச்சியானதாகவும் இருத்தல் வேண்டும், பிறிதோர் எழுத்துச் சட்டம் அதிகாரமளித்த முடிவாயின் அவ்வுரிமை செல்லாது. உதவித்தொகையை நம்பியிருக்கும் ஒரு கைம்பெண் மூன்று மாதப் பட்டினியை 'மாற்றமுடியாதது' என எங்ஙனம் நிரூபிப்பாள்? சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்து, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது.

2024இல் செயற்கை நுண்ணறிவுக்கான தேசிய உபாய வரைவொன்றும் வெளியாயிற்று. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமோ, அரச உதவிக்கு உரியவரைத் தெரியும் பொறிகளைப் பெரும் ஆபத்துடையவை எனச் சட்டத்திலேயே வகுத்து, மனிதக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கிற்று. அவர்களைப் பார்த்து எழுதுவதில் வெட்கமில்லை.

நம் வரைவைத் திருத்துவோர், பொறியின் முடிவுக்குக் காரணம் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் தரப்படும் என்றும், அதில் ஓர் அலுவலரின் பெயரும் கையொப்பமும் இருக்கும் என்றும், மேன்முறையீடு முடியும்வரை உதவி நிறுத்தப்படாது என்றும் சேர்க்கட்டும். பின்னர் அவ்வாசகத்தை மயிலிட்டிக் கிராம அலுவலரின் அறிவித்தற் பலகையில் ஒட்டட்டும்.